பெட்டி கட்டியவர் தங்கிவிட்டார்

விடிவதற்கு முன்பே மும்பை விழித்துக்கொண்டு விடுகிறது. மாட்டுங்காவில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிறது. தாராவியில் இட்டிலிப் பானை அடுப்பில் ஏறுகிறது. செம்பூரிலும் முலுந்திலும் வாசல் கதவில் தொங்கும் பைக்குள் பால் பாக்கெட் வந்து விழுகிறது. முதல் டம்ளர் காப்பி உள்ளே போன பிறகுதான் நம்மவர்களுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

அந்தப் பால் எங்கிருந்து வந்தது, யார் கறந்தது, எப்படிக் கெடாமல் வந்து சேர்ந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. நாட்டில் பால் தட்டுப்பாடு நீங்குவதற்காக அறுபது ஆண்டுக் காலம் உழைத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பால் பிடிக்காது. தாம் பால் குடிப்பதில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பால் தொழிலும் அவர் விரும்பி ஏற்றதல்ல. அந்தத் தொழில் நடந்த ஊரும் அவர் விரும்பி வந்த ஊரல்ல.

அவர்தான் வர்கீஸ் குரியன். ஊர், குஜராத் மாநிலத்தில் உள்ள ஆனந்த்.

வாழ்க்கைக்கு ஒரு லட்சியம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்கு வயிறுதான் வழி காட்டுகிறது. சென்னை மெயிலில் வந்து, தாதரில் ட்ரங்குப் பெட்டியும் படுக்கையுமாக இறங்கிய நம்மவர்களில் லட்சியத்தைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர்? வேலை இருக்கிறது என்று மாமா கடிதம் எழுதினார், வந்தார்கள். கிடைத்த வேலையில் சேர்ந்தார்கள். பத்து வருடம் கழித்து, "நாம் எதற்காக இதைச் செய்கிறோம்?" என்ற கேள்வி இரவில் எழுந்து தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்தக் கேள்வி எழுந்தவர்களுக்குக் குரியனின் கதை ஒரு பாடம். காரணம், அவரும் லட்சியத்தோடு வண்டி ஏறியவர் அல்ல.

கோபியில் படித்த பையன்

குரியன் 1921-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கோழிக்கோட்டில் பிறந்தவர். தந்தை அரசாங்க டாக்டர். அவர் கோபிசெட்டிபாளையம் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய காலத்தில், குரியன் அங்குள்ள வைர விழாப் பள்ளியில் படித்தார். பிறகு சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பட்டம். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பட்டம். படித்த ஊர்களைப் பார்த்தால் அவர் பாதித் தமிழர் என்றே சொல்லலாம்.

அடுத்தபடியாக ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பாலையில் பயிற்சி. அங்கேயே இருந்திருந்தால் நல்ல உத்தியோகம் நிச்சயம். ஆனால் குடும்பத்தின் நெருங்கிய உறவினரான ஜான் மத்தாய் அந்த நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தார். 'மேலிடத்துப் பிள்ளை' என்று மற்றவர்கள் பார்த்த பார்வை இளைஞருக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டு அமெரிக்கா போனார்.

சர்க்கார் கொடுத்த சீட்டில் 'பால்பண்ணைப் பொறியியல்' என்று இருந்தது. குரியனின் மனமோ உலோகவியலில் இருந்தது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உலோகவியலையே முக்கியமாகப் படித்தார். பால்பண்ணைப் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுக்கொண்டார். 1948-ல் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சர்க்கார் விடவில்லை. படிக்கப் பணம் கொடுத்தபோது எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டியது. சொன்ன இடத்தில் வேலை செய்ய வேண்டும், அல்லது பெருந்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். சொன்ன இடம், ஆனந்தில் இருந்த அரசாங்க வெண்ணெய் ஆராய்ச்சி நிலையம்.

1949-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி, வெள்ளிக்கிழமை, 27 வயதுக் குரியன் ஆனந்தில் வந்து இறங்கினார்.

கார் கொட்டகை வாசம்

அப்போது ஆனந்த் புழுதி படிந்த சிற்றூர். மாமிசம் சாப்பிடுகிற, கிறிஸ்தவரான, கல்யாணமாகாத வெளியூர்க்காரருக்கு அங்கே வீடு கொடுக்க ஆள் இல்லை. ஒரு கார் கொட்டகையைத் துப்புரவு செய்து அதிலேயே குடியிருந்தார். குஜராத்தி தெரியாது. பழைய இயந்திரங்கள் இருந்த அந்த நிலையத்தில் எஞ்சினீயருக்குச் செய்ய வேலையும் அதிகம் இல்லை.

தம்மை விடுவிக்கும்படி டெல்லிக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே வளாகத்தில், சர்க்கார் நிலையத்தின் இயந்திரங்கள் சிலவற்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கம் திண்டாடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம். அந்தச் சங்கத்துக்கும் மும்பைக்கும் இருந்த உறவைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பதினைந்து நாள் பால் இல்லை

1945-ல் பம்பாய் சர்க்கார் நகர மக்களுக்குப் பால் வழங்கத் திட்டம் போட்டது. நானூறு கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள கைரா மாவட்டத்திலிருந்து பாலைக் கொண்டுவரும் உரிமை போல்சன் என்ற தனியார் கம்பெனிக்குக் கிடைத்தது. நகரத்தில் பாலுக்கு நல்ல விலை. எருமை வளர்த்தவருக்கோ கம்பெனியின் ஆள் வைத்ததுதான் விலை. கறந்த பாலை வீட்டில் வைத்துப் பேரம் பேச முடியாது. சில மணி நேரத்தில் புளித்துப் போகும் சரக்கு அது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை.

விவசாயிகள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். அவர் அந்த வட்டாரத்துக்காரர். இடையில் நிற்பவரை நீக்கிவிட்டு நீங்களே சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். மொரார்ஜி தேசாயை அனுப்பி வைத்தார். 1946-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. கம்பெனிக்குப் பால் ஊற்றுவதில்லை என்று முடிவாயிற்று. பதினைந்து நாள் வேலைநிறுத்தம். கைராவிலிருந்து பம்பாய்க்குப் பால் வரவில்லை. சர்க்கார் இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14-ந் தேதி சங்கம் பதிவாயிற்று.

சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். காந்தியவாதி, விடுதலைப் போரில் சிறை சென்றவர். இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 லிட்டர் பால். இதுதான் ஆரம்பம்.

வாடகை இயந்திரம் அடிக்கடி நின்றுவிடும். பால் கெடும். திரிபுவன்தாஸ் பக்கத்தில் இருந்த எஞ்சினீயரைக் கூப்பிடுவார். வேலையில்லாமல் சலித்துப் போயிருந்த குரியனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்ச் சரி செய்து கொடுப்பார். ஒரு கட்டத்தில், "இந்தப் பழைய இரும்போடு மல்லாடாமல் புது இயந்திரம் வாங்குங்கள்" என்று யோசனை சொன்னார். திரிபுவன்தாஸ் உறவினரிடம் கடன் வாங்கிப் பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தார். பாலைக் காய்ச்சிக் குளிர்விக்கும் புது இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் குரியன் காத்திருந்த உத்தரவு வந்தது. விடுதலை! பெட்டி கட்டினார்.

திரிபுவன்தாஸ் கோபிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. நீங்கள் சொல்லித்தான் இயந்திரம் வாங்கினோம். அது வந்து, பொருத்தி, ஓடும் வரைக்குமாவது இருந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை. இரண்டொரு மாத வேலை. குரியன் சரி என்றார்.

இரண்டொரு மாதம் என்று தங்கியவர், 2012-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பக்கத்து ஊரான நடியாத் ஆஸ்பத்திரியில் 90-வது வயதில் கண்ணை மூடும் வரை அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

எது கட்டிப்போட்டது?

இங்கேதான் கவனிக்க வேண்டும். 'நாட்டின் பால் வளத்தைப் பெருக்கப் போகிறேன்' என்று குரியன் சபதம் எடுத்துக்கொண்டு தங்கவில்லை. தம் பேச்சை நம்பிக் கடன் வாங்கிய ஒருவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போக மனம் வராமல் தங்கினார். அவ்வளவுதான்.

ஆனால் தங்கிய பிறகு கண்ணில் பட்டவை வேறு. காலையிலும் மாலையிலும் கிராமச் சங்கத்தின் முன்னால் ஒரு வரிசை. பட்டேல் வீட்டுப் பெண்ணும், கூலி வேலை செய்பவரும், தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் ஒருவர் பின் ஒருவராக அந்த வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவர் முதலில். பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதன்படி விலை. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் கையில் காசு. ஒரே ஒரு எருமை வைத்திருந்தவருக்கும் அதே அளவை, அதே கணக்கு.

தான் பழுது பார்த்த இயந்திரம் ஒரு நாள் நின்றால் இத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று ஓர் எஞ்சினீயருக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவருக்கு அது வெறும் இயந்திரமாகத் தோன்றாது. 1950-ல் குரியன் சங்கத்தின் மானேஜர் ஆனார்.

குளிர்காலத்துப் பால்

அதன் பிறகு அவர் எடுத்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே கேள்வி தெரிகிறது. 'இதனால் எருமை வளர்ப்பவருக்கு என்ன வந்து சேரும்?' என்பதே அந்தக் கேள்வி.

எருமைகள் குளிர்காலத்தில் கூடுதலாகக் கறக்கும், கோடையில் குறைந்துவிடும். பம்பாய்க்குத் தேவையோ வருடம் முழுவதும் ஒரே அளவு. குளிர்காலத்து மிச்சப் பாலை யாரும் வாங்கவில்லை. கோடைக்கு வைத்திருக்க வேண்டுமானால் அதைப் பவுடராக்க வேண்டும். பசும்பாலைப் பவுடராக்க உலகத்துக்குத் தெரியும். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.

மிச்சிகனில் உடன் படித்த நண்பர் எச்.எம். தலாயா பால் தொழில் நுணுக்கம் தெரிந்தவர். குரியன் அவரை ஆனந்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். முடியும் என்று தலாயா செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி உதவியது. 1955-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, சர்தார் பட்டேலின் பிறந்த நாளில், பிரதமர் நேரு புதிய தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். எருமைப் பால் பவுடர் தயாரிக்கும் ஆலை உலகத்திலேயே அதுதான் முதலாவது. விரைவில் 'அமுல்' என்ற பெயர் வீடுதோறும் பரவிற்று.

விஞ்ஞானத்தில் பெயர் வாங்கவேண்டும் என்று எழுந்த முயற்சியல்ல அது. குளிர்காலத்தில் பாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன விவசாயிக்காக எழுந்த முயற்சி.

டெல்லி வேண்டாம்

1964-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்து வைக்கப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வந்தார். வந்தவர் அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, எருமைகளைப் பற்றிக் கேட்டார். எதிலும் விசேஷம் இல்லை. மற்ற இடங்களில் சர்க்கார் பால்பண்ணைகள் தடுமாறும்போது இங்கே மட்டும் எப்படி வெற்றி? பண்ணை விவசாயிகளுக்கே சொந்தம். அதை நடத்தத் தொழில் தெரிந்தவர்களை அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். விடை இதுதான் என்று கண்டுகொண்டார் சாஸ்திரி. நாடு முழுவதும் இப்படிச் செய்யுங்கள் என்று குரியனை அழைத்தார்.

வேறொருவராக இருந்தால் அன்றிரவே டெல்லிக்கு டிக்கெட் எடுத்திருப்பார். குரியன் நிபந்தனை போட்டார். சர்க்கார் சம்பளம் வேண்டாம், விவசாயிகளின் ஊழியராகவே இருப்பேன் என்றார். தலைமைக் காரியாலயம் டெல்லியில் அல்ல, ஆனந்தில் இருக்க வேண்டும் என்றார். விவசாயிகளைப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்தால் விவசாயிகளை மறந்துபோகும் என்பது அவர் எண்ணம். சாஸ்திரி ஒப்புக்கொண்டார். 1965-ல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் பிறந்தது.

பதவியை மறுப்பதும் ஏற்பதும் பெரிய குழப்பமாக நமக்குத் தோன்றும். யாருக்காக வேலை செய்கிறோம் என்பது தெளிவாகிவிட்டவருக்கு அந்தக் குழப்பம் குறைவு.

இலவசத்தில் இருந்த ஆபத்து

மூன்றாவது சோதனை கப்பலில் வந்தது. 1960-களின் கடைசியில் ஐரோப்பிய நாடுகளில் பால் பவுடரும் வெண்ணெயும் மலை மலையாகத் தேங்கிவிட்டன. அவை இந்தியாவுக்கு இலவசமாக வரக்கூடிய நிலை. நகரத்துக்கு மலிவுப் பால் கிடைக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இலவசச் சரக்கு சந்தையில் கொட்டினால் நம் விவசாயியின் பாலை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

குரியன் வேறு வழி கண்டார். உலக உணவுத் திட்டத்தின் மூலம் 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் வாங்கிக்கொள்வது. அதைப் பாலாக்கி நியாய விலைக்கு விற்பது. அந்தப் பணத்தை முதலாகப் போட்டு, 18 பால் வட்டாரங்களைப் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களோடு இணைப்பது. தானமாக வந்ததை விவசாயிக்கு மூலதனமாக்கினார். 1970-ல் தொடங்கிய இந்த 'வெள்ளப் பெருக்குத் திட்டம்' 1996 வரை நடந்தது. ரயிலில் பால் டாங்கிகள் மாநிலம் விட்டு மாநிலம் ஓடத் தொடங்கியதும் இதனால்தான். தமிழ்நாட்டில் ஆவின் ஸ்தாபனமும் ஆனந்த் முறையைப் பின்பற்றி எழுந்ததே.

1950-51-ல் நாட்டின் பால் உற்பத்தி 1 கோடியே 70 லட்சம் டன். 2022-23-ல் அது 23 கோடி டன். 1998-ல் அமெரிக்காவை முந்தி உலகில் முதலிடத்துக்கு வந்தது இந்தியா.

1976-ல் ஷியாம் பெனகல் இயக்கி வெளிவந்த 'மந்தன்' திரைப்படம் இந்தக் கதையைத் தழுவியதே. குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு அந்தப் படத்தை எடுத்தார்கள். படம் வெளிவந்ததும் அவர்கள் லாரி லாரியாகப் போய்ப் பார்த்தார்கள்.

முள்ளும் உண்டு

குரியனைக் குறையில்லாதவர் என்று யாரும் சொல்லவில்லை. கூர்மையான நாக்கு. விட்டுக்கொடுக்கத் தெரியாது. கிராமத்துக் குழந்தைகள் குடிக்க வேண்டிய பால் காசுக்காக நகரத்துக்குப் போய்விடுகிறது என்று 1980-களில் அவருடைய திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தவர்கள் உண்டு. 1998-ல் வாரியத் தலைமையை விட்டார். 2006-ல், தாம் வளர்த்த விற்பனைக் கூட்டமைப்பின் நிர்வாகிகளோடு ஏற்பட்ட வேற்றுமையால் அதன் தலைமையிலிருந்தும் மனக்கசப்போடு விலகினார். ஒரு காரியத்தை உயிராக நினைப்பவருக்கு, அது தம்முடையது மட்டுமல்ல என்பது சில வேளை மறந்துவிடுகிறது போலும்.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. திரிபுவன்தாஸ் சங்கத்தை வளர்த்து, உரிய காலத்தில் மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர். 1963-ல் மகசேசே பரிசு குரியனுக்கு வந்தபோது, திரிபுவன்தாஸ் பட்டேலுக்கும் பம்பாய்ப் பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடிக்கும் சேர்த்தே அது வந்தது. லட்சியம் தனி ஆளுக்குப் பிறந்த குழந்தை அல்ல. பெரும்பாலும் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிக்கொள்கிறது. குரியனுக்குத் தொற்றியது திரிபுவன்தாசிடமிருந்து.

நமக்கு என்ன?

மும்பையில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்ட நம்மவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? எல்லோரும் குரியன் ஆகிவிட முடியாது. ஆக வேண்டியதும் இல்லை.

'எனக்குப் பிடித்த வேலை எது?' என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் குரியன் ஏதோ ஓர் இரும்பாலையில் பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றிருப்பார். 'என் வேலையை நம்பி யார் இருக்கிறார்கள்?' என்ற கேள்விக்கு ஆனந்தில் விடை கிடைத்தது. முதல் கேள்விக்கு விடை கிடைக்காதவர்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு விடை இல்லாத உத்தியோகம் அபூர்வம்.

பென்ஷன் காகிதத்தை நகர்த்தும் குமாஸ்தாவுக்கு, அந்தக் காகிதத்துக்காக ஏதோ ஊரில் காத்திருக்கும் ஒரு விதவை இருக்கிறார். மாவு அரைத்து விற்கும் தாராவிப் பெண்மணிக்கு, அவர் வராத நாளில் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நர்சுக்கு நோயாளி இருக்கிறார். வாத்தியாருக்குக் கடைசி பெஞ்சுப் பையன் இருக்கிறான். அந்த முகம் ஒரு முறை தெரிந்துவிட்டால், அடுத்த முடிவு எடுக்கும்போது அது எதிரே வந்து நிற்கும். லஞ்சம் வாங்கலாமா, மாற்றலுக்கு மனுப் போடலாமா, கூடுதல் சம்பளத்துக்காக இதை விட்டுப் போகலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சில வேளை, 'போகலாம்' என்பதே சரியான பதிலாகவும் இருக்கலாம். ஆனால் யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது தெரிந்து போவது வேறு.

அகமதாபாத் போகிற வண்டியில் வடோதராவைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ஆனந்த் வரும். வண்டி நிற்கும் சில நிமிடத்தில் பலர் இறங்குவார்கள், பலர் ஏறுவார்கள். ஏதோ ஓர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டா வெறுப்பாக, எப்போது திரும்பலாம் என்ற நினைப்போடு இறங்குகிறவர்கள் இன்றைக்கும் இருப்பார்கள். 1949-ல் அப்படி இறங்கியவர்களில் ஒருவர், பழுதான இயந்திரத்தைப் பார்க்க வாருங்கள் என்று பக்கத்துச் சங்கத்தார் கூப்பிட்டபோது, அது என் வேலையல்ல என்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.